பொக்கை வாய்க்கு அளவு எடுப்பது

பல்செட் ஆடினால் பல்லைத்தான் குறை சொல்கிறோம். என் பெரியம்மாவின் முதல் செட்டு, சிரித்தால் இறங்கிவிடும். ஒரே மாதத்தில் அலமாரிக்குள் போய்விட்டது. பல் அழகாகத்தான் இருந்தது, அளவுதான் தப்பு.

வாய்க்கு அச்சு எடுக்கும் வழியை 1756-ல் பெர்லினில் எழுதிவைத்தவர் பிலிப் பஃப், பிரஷ்ய மன்னரின் பல் வைத்தியர். மெழுகில் இரண்டு பாதியாக எடுத்து, அதில் பிளாஸ்டர் ஊற்றினார். முதல் அச்சுக்கு இன்று கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட். ஈரம் வற்றினால் சுருங்கிவிடும் என்பதால் உடனே பிளாஸ்டர் ஊற்ற வேண்டும்.

ஆனால் அது வெறும் வெள்ளோட்டம். அந்த வாய்க்கென்றே அச்சுப் பசையைத் தாங்கும் ஒரு டிரே செய்து, அதன் ஓரத்தில் பச்சைக் குச்சிக் காம்பவுண்டை உருக்கி ஒட்டுகிறார்களே, அங்கேதான் கலை இருக்கிறது. "உதட்டைக் குவிங்க, கன்னத்தை உப்புங்க, நாக்கை நீட்டுங்க." மருத்துவர் டிரேயைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறார், எல்லை போடுவது நோயாளியின் தசைகள். ஓரம் நீண்டால் தசை தள்ளிவிடும், குறைந்தால் காற்று புகுந்து பிடிப்பு போய்விடும். மேல்செட்டு எங்கே முடிய வேண்டும் என்பதை "ஆ" என்று சொல்லும்போது அசையும் அண்ணம் காட்டிக்கொடுக்கும். பிறகு கிராம்பு வாசனை அடிக்கும் பசையை மெல்லப் பூசிக் கடைசி அச்சு.

எடுத்த அச்சை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறவரையே நான் நம்புவேன். குமிழி இருக்கிறதா? பசையைக் கிழித்துக்கொண்டு டிரே தெரிகிறதா? தெரிந்தால் அங்கே ஈறு நசுங்கியிருக்கிறது. பெரியம்மாவுக்கு இரண்டாம் முறை செய்தவர் கீழ் அச்சை மூன்று தடவை எடுத்தார்.

அடுத்தது, பல் வரவேண்டிய இடத்தில் வைக்கும் மெழுகுக் கட்டை. மூக்கு நுனியிலும் மோவாயிலும் புள்ளி வைத்து அளப்பார்கள். தாடை தளர்ந்திருக்கும்போது உள்ள தூரத்தைவிட, கடிக்கும்போது 2 முதல் 4 மில்லிமீட்டர் குறைய வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் பேசும்போதெல்லாம் பல் தட்டும்.

மெழுகில் பல் அடுக்கிப் பெரியம்மாவின் வாயில் வைத்ததும், "ஏதாவது பேசுங்கம்மா" என்றார் மருத்துவர். 'ச' ஒலியில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நெருங்கும், ஆனால் தொடக்கூடாது.

"எத்தனை வாட்டிப்பா உட்கார வைப்பே? பேசாம காசிக்கே போயிருக்கலாம்" என்றார் பெரியம்மா.

மருத்துவர் குனிந்து பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "காசின்னு இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.