கலைப் பாடவேளை யாருடையது?

(திண்டிவனத்தில் நடந்த குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2025 மார்ச் 8 அன்று இலண்டனின் ஹேமர்ஸ்மித் பகுதியில் உள்ள அரங்கில் இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியது. செய்தியில் பார்த்து நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். அந்த இசை எங்கே தொடங்கியது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஊர் ஊராகச் சென்று வாசித்தவர் அவர். 1960களின் இறுதியில் சென்னைக்கு வந்தார். அங்கே தன்ராஜ் மாஸ்டர் என்ற ஆசிரியர் கிடைத்தார். மேற்கத்திய இசையைத் தாளில் எழுதவும் படிக்கவும் கற்றுத் தந்தவர் அவர்தான். ஆர்கெஸ்ட்ராவில் பல பத்துப் பேர் ஒன்றாக வாசிக்கிறார்கள். எந்தக் கருவிக்கு எந்த இடத்தில் எந்தச் சுரம் என்று எழுதித் தந்தாக வேண்டும். அந்த எழுத்து தெரியாமல் சிம்பொனி இல்லை. ஓர் ஆசிரியர் சொல்லிக்கொடுத்த எழுத்து, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும் இலண்டனில் ஒலித்தது.

அதே ஹேமர்ஸ்மித்தில் இன்னொரு கதையும் உண்டு. அங்குள்ள செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியில் 1905 முதல் இசையாசிரியராக இருந்தவர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட். உலகப் புகழ்பெற்ற 'தி பிளானட்ஸ்' அவர் எழுதியது. செவ்வாயில் தொடங்கி நெப்டியூனில் முடியும் ஏழு பகுதிகள். 1914இல் எழுதத் தொடங்கினார். வாரநாளில் வகுப்பு, வார இறுதியிலும் விடுமுறையிலும் பள்ளியின் இசை அறையில் எழுத்து வேலை. வலது கையில் நரம்பு வலி இருந்ததால், சக ஆசிரியைகள் நோரா டே, வாலி லாஸ்கர் ஆகியோர் எழுதி உதவினார்கள். 1918 செப்டம்பர் 29 அன்று நடந்த முதல் நிகழ்ச்சியில், கடைசிப் பகுதியின் கோரஸைப் பாடியவர்களில் அவருடைய மாணவிகளும் இருந்தார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் எப்போது பார்த்தாலும் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பான். பாடத்தை முடிக்கும் அவசரத்தில் அவனைப் பலமுறை வெளியே நிற்க வைத்தேன். கலைப் பாடவேளையையும் வாங்கிக்கொண்டு வினா விடை எழுத வைத்தேன். போன ஆடி மாதம் ஓர் அம்மன் கோயில் திருவிழாவில் அவன் பம்பை வாசித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கை நின்றுவிட்டது. "வாசிப்பா, கேட்கத்தான் வந்தேன்" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க சார்" என்றான். மறுபடி வாசிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கலைத் திருவிழா வந்தால் மட்டும் தாளம் தெரிந்த பிள்ளையைத் தேடுகிறோம். மற்ற நாளில் அதே பிள்ளையை அதட்டுகிறோம். நான் இப்போது கலைப் பாடவேளையைக் கேட்டு வாங்குவதில்லை. நீங்களும் அந்த ஒரு பாடவேளையைப் பிள்ளைகளிடமே விட்டுப் பாருங்கள்.