பாஸ்புக்கில் பதிவு காணோமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்க்கும் உங்களிடம் ஒரு கேள்வி. வைப்பு நிதி பாஸ்புக்கில் போன மாதம் இருந்த பதிவு இன்னிக்கு காணோம்னா என்ன செய்வீங்க?

சர்வரில் ஏறியது அழியவே அழியாது என்று நம்பிவிட வேண்டாம். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் ரேன்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான தரவு திரும்பக் கிடைக்கவில்லை. அந்த நாட்களுக்குத் தனியாக எடுத்து வைத்த பேக்கப் இல்லை.

தரவு தொலைந்தால் பொறியாளர்கள் முதலில் கேட்பது: "கடைசியாகச் சரியாக இருந்தது எந்தத் தேதி?" அதை வைத்துத்தான் லாக்கிலும் பேக்கப்பிலும் தேடுவார்கள். அந்தத் தேதிக்குச் சாட்சி உங்க கையில் இருக்கட்டும்.

மாதம் ஒருமுறை பாஸ்புக்கை பி.டி.எஃப். ஆக இறக்குங்கள். ஒரு நகல் போனில், இன்னொன்று போனுக்கு வெளியே. சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்துங்க. ஒப்பந்த வேலையில் கம்பெனி மாறுகிறவர்களுக்கு அதுதான் பிடிமானம். இ-சேவை மைய ஒப்புகைச் சீட்டையும் தூக்கிப் போடாதீங்க.

பதிவு காணோம்னா, தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அன்றைக்கே புகார் கொடுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உழைத்த காசுக்குக் கணக்கு உங்களிடமும் இருக்கணும்.