பயணமும் தாய்ப்பாலும்

பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் இன்று புதியதொரு நிலைமை தோன்றியிருக்கிறது. முன்னாளில் உத்தியோக நிமித்தம் ஊர் ஊராகச் சென்றவர் பெரும்பாலும் ஆடவரே. இன்றோ டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அலுவல் பார்க்கும் நம் பெண்களுக்கும், "ஐந்து நாள் பயிற்சிக்குப் புறப்படுக" என்று ஆணை வருகிறது. வீட்டிலே ஏழு மாதக் குழந்தை. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரத் தாயும் மாமியாரும் பக்கத்துத் தெருவில் இல்லை. அவர்கள் தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ இருக்கிறார்கள். பாலை மறக்கடித்துவிட்டுப் போவதா, பயணத்தை மறுத்துப் பதவி உயர்வை இழப்பதா என்று இளந்தாய் கலங்குகிறாள். நேயர்களே, இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. பாலைத் தானே எடுத்து, குழந்தைக்குச் சேர்த்து வைத்து, சுரப்பு வற்றாமல் காத்துக்கொண்டு, போய்த் திரும்புவது. அதன் முறைகளைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

முதலில் இச்செயலுக்குப் பெயர் என்ன? மொழிபெயர்ப்பு அலுவலில் உழல்பவள் ஆதலால் இக்கேள்வி என்னை எளிதில் விடுவதில்லை. நம் பாட்டிமார் தயக்கமின்றிப் "பீய்ச்சுதல்" என்றார்கள். அச்சொல் மாட்டுக் கொட்டிலை நினைவூட்டுகிறது என்று கற்றோர் சிலர் கூசி, "தாய்ப்பால் வெளிக்கொணர்தல்" என்று எழுதுகிறார்கள். வலிக்கும் மார்போடு ரெயிலில் உட்கார்ந்திருப்பவளுக்கு அவ்வளவு நீண்ட சொல் எதற்கு? நான் பீய்ச்சுதல் என்றே சொல்வேன். கையால் செய்யலாம், கருவியாலும் செய்யலாம். அக்கருவியை 1920களில் வடிவமைத்தவர்களுள் ஒருவர் எட்வர்டு லாஸ்கர் என்னும் புகழ்பெற்ற சதுரங்க வீரர் என்பது பலர் அறியாத செய்தி.

பால் சுரப்பு, செலவறிந்து சரக்குக் கொள்முதல் செய்யும் வணிகனைப் போன்றது. எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவே மீண்டும் சுரக்கும். குழந்தை வாய் வைத்ததும் தாயின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து புரோலாக்டின், ஆக்சிடோசின் என்னும் இரு ஹார்மோன்கள் இரத்தத்தில் கலக்கின்றன. முன்னது பாலைச் சுரக்கச் செய்கிறது. பின்னது சுரந்த பாலை வெளியே தள்ளுகிறது. எடுக்கப்படாமல் மார்பிலேயே பால் தேங்கினால் சுரப்பு தானாகக் குறைகிறது. அதனுடன் பால் கட்டிக்கொண்டு, மார்பு கல்லாகி, குளிர்காய்ச்சலும் வரக்கூடும். கவனியாது விட்டால் சீழும் வைக்கும். ஆகவே பயணம் செல்லும் தாய், குழந்தை பால் குடிக்கும் வேளைகளை ஒட்டியே, மூன்று அல்லது நான்கு மணிக்கு ஒருமுறை பாலை எடுத்தாக வேண்டும். பால் வற்ற வேண்டிய தாய்க்கு மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவது நம் நாட்டு வழக்கம். 1988இல் வெளிவந்த ஒரு மருத்துவ ஆய்வும் மல்லிகைக்கு அந்த ஆற்றல் உண்டென்றே கண்டது. திரும்பி வந்து பாலூட்ட எண்ணுகிறவள், வலி பொறுக்கவில்லை என்று மல்லிகையை நாடலாகாது.

புறப்படுமுன் செய்ய வேண்டியது கணக்கு. தாய்ப்பால் ஒன்றையே உண்டு வளரும் குழந்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 மில்லிலிட்டர் அருந்தும். ஐந்து நாளைக்கு 3,750 மில்லிலிட்டர் ஆகிறது. கூழும் பருப்புச் சோறும் தொடங்கிய குழந்தைக்கு இதில் குறையும். இவ்வளவையும் பயணத்துக்கு முந்திய இரவு சேர்க்க முயல்பவள் அழுதுகொண்டுதான் வண்டி ஏறுவாள். காலையில் குழந்தை குடித்து முடித்தபின் எஞ்சியதைச் சில வாரங்களாகவே எடுத்துச் சேர்ப்பதுதான் முறை. உறைநிலை அறைக்குத் தனிக் கதவுள்ள குளிர்சாதனப் பெட்டியானால் பால் ஆறு மாதம் வரை நன்றாக இருக்கும். ஒற்றைக் கதவுப் பெட்டியின் உள்ளே இருக்கும் சிறு உறையறையில் இரண்டு வாரத்துக்கு மேல் வைப்பது நன்றன்று. அப்படிப்பட்ட பெட்டி உள்ளவர்கள் கடைசி இரண்டு வாரத்தில் நாளுக்கு இருமுறையேனும் எடுக்க வேண்டியிருக்கும். ஒரு வேளைக்குரிய அளவாகச் சிறு சிறு கலங்களில் நிரப்பி, ஒவ்வொன்றின் மீதும் தேதி எழுதி, பழையதை முதலில் செலவிட வேண்டும்.

இனி ரெயில் பயணம். டில்லியிலிருந்து சென்னைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் தூரத்தைச் சுமார் 33 மணி நேரத்தில் கடக்கிறது. உறங்கும் நேரத்தைச் சற்று நீட்டிக்கொண்டாலும், வண்டியிலேயே பத்துத் தடவை பால் எடுக்க நேரும். எங்கே உட்கார்ந்து எடுப்பது? குளிர்சாதன இரண்டடுக்குப் பெட்டியில் திரை உண்டு. மூன்றடுக்கில் அதுவும் இல்லை. மேல் படுக்கை இக்காரியத்துக்கு ஏற்றது என்பார் உண்டு. ஆனால் நிமிர்ந்து உட்கார அங்கே இடம் போதாது. என் அபிப்பிராயம், சன்னலோரக் கீழ்ப் படுக்கையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அகன்ற போர்வை ஒன்றால் மூடிக்கொள்வதே. கழிவறைக்குள் சென்று எடுக்கும்படி சிலர் அறிவுரை கூறுவர். தங்கள் உணவை அங்கே சமைத்துத் தர அவர்கள் ஒப்புவார்களா என்று கேட்க வேண்டும். பெரிய சந்திப்புகளில் வண்டி மாற நேர்ந்தால், பெண்கள் காத்திருப்பு அறை உண்டு.

மின்சாரத்தையும் மின்கலத்தையும் நம்பியிருக்கும் கருவி நடுவழியில் ஓய்ந்துவிடலாம். ஆதலால் கையால் பீய்ச்சும் முறையை ஒவ்வொரு தாயும் அறிந்திருத்தல் நலம். கையைச் சோப்பிட்டுக் கழுவி, கட்டைவிரலை மேலும் சுட்டுவிரலைக் கீழுமாகக் காம்பின் கருவட்டத்தை ஒட்டி வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி, பின் இருவிரலையும் சேர்த்து அமுக்கி விட வேண்டும். காம்பை மட்டும் பிடித்து இழுத்தால் பால் வராது, புண்தான் மிஞ்சும். கொதிநீரில் இட்டெடுத்த அகன்ற வாயுள்ள எவர்சில்வர் கிண்ணம் ஒன்று போதும். கருவியின் உறுப்புகளை அலசக் காய்ச்சிய நீரைப் பிளாஸ்கில் கொண்டுசெல்க. ரெயில் குழாய் நீர் கை கழுவுவதற்கு மட்டுமே.

எடுத்த பாலை என்ன செய்வது? 25 டிகிரி வெப்பத்துக்கு மேற்படாத அறையில் நான்கு மணி நேரம் கெடாது என்பது மருத்துவர் கணக்கு. மே மாத நண்பகலில் நாகபுரியைத் தாண்டும் சாதாரணப் பெட்டியில் அக்கணக்குச் செல்லாது. உறைந்த பனிப்பொதிகளோடு மூடிய ஐஸ் பெட்டியில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். 33 மணிப் பயணத்துக்கு அது போதாது என்பதை நேயர்கள் கண்டுகொண்டிருப்பீர்கள். போகும் வழியில் எடுத்த பாலை வீட்டுக்கு அனுப்ப வழியில்லை; கொட்டத்தான் வேண்டும். கொட்டும்போது வயிறு எரியும். ஆயினும் அந்தப் பாலைக் கொட்டியதனால் சுரப்பு நிலைக்கிறது. அதுவே அப்போது தேடும் பயன். சென்னை, பெங்களூர் போன்ற குறுகிய தூரமாயின் பாலையும் கொண்டு வந்து சேர்க்கலாம்.

சேர்ந்த ஊரில் நேரும் இடர் வேறு வகையானது. என் குழந்தை எட்டு மாதமாயிருந்தபோது, தெற்கே ஒரு நகரில் நடந்த பயிற்சி வகுப்புக்கு நான் போக நேர்ந்தது. அங்கே இதற்கென இடம் ஏதுமில்லை. பழைய கோப்புகள் அடுக்கிய அறை ஒன்றைக் கடைநிலை ஊழியரான ஓர் அம்மாள் எனக்குத் திறந்துவிட்டு, வெளியே முக்காலி போட்டுக் காவலும் இருந்தார். முற்பகலில் இருபது நிமிடம், பிற்பகலில் இருபது நிமிடம். ஐந்தாம் நாள் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால், என் பெயருக்கு எதிரே அரைநாள் விடுப்பு எழுதப்பட்டிருந்தது. காரணத்தை எழுதிக் கொடுத்தேன். விடுப்புத் திரும்பக் கிடைக்கவில்லை.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிறையும்வரை நாளுக்கு இரண்டு இடைவேளைகளைத் தாய்க்கு அளித்தது. 2017இல் செய்த திருத்தம், 12 வாரமாயிருந்த விடுப்பை முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரமாக்கி, 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகமும் வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவற்றை ஏற்றுக்கொண்டது. ஆனால் அவ்விடைவேளை "குழந்தைக்குப் பாலூட்டுவதற்கு" என்று வகுக்கப்பட்டது. ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள குழந்தைக்காகப் பாலை எடுத்து வைப்பதும் அதில் அடங்குமா? வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. ஒரு சொல்லைச் சேர்த்தால் தீரும் ஐயம் இது.

பொது இடங்களைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015ஆம் ஆண்டிலேயே பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பொது இடங்களில் இத்தகைய அறைகள் அமைப்பது குறித்து மத்திய அரசு 2024 பிப்ரவரியில் மாநிலங்களுக்கு எழுதிற்று; மறு ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அறை இருந்தும் பூட்டிக் கிடப்பதுண்டு. சாவி யாரிடம் என்று வெட்கமின்றிக் கேளுங்கள்.

வீட்டிலே குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து பாட்டி வந்திருப்பார். அவரிடம் பாலை ஒப்படைப்பதற்கு முன்னால் அவருடைய ஐயங்களுக்கு விடை கூற வேண்டும். "ஐஸில் வைத்த பால் பழம்பால் அல்லவா, பிள்ளைக்குச் சளி பிடிக்குமே" என்பார். குளிர்ந்த பாலை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வெதுவெதுப்பாக்கிவிட்டால் அச்சமில்லை. அடுப்பில் நேராகக் காய்ச்சுவதும் மைக்ரோவேவ் அடுப்பில் வைப்பதும் கூடாது. மேலே ஆடைபோல் கொழுப்புப் பிரிந்து நிற்பதைக் கண்டு திரிந்துவிட்டது என்று கொட்டிவிடுவார். மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும் என்று காட்டித்தர வேண்டும். உறைபாலைக் குளிர்சாதனப் பெட்டியிலேயே கரையவிட்டால், கரைந்ததிலிருந்து 24 மணிக்குள் செலவிட வேண்டும், மீண்டும் உறையவைக்கலாகாது. குழந்தை குடித்து மீந்ததை இரண்டு மணிக்கு மேல் வைக்கலாகாது.

பாட்டிக்கு நாம் கற்பிப்பது இவ்வளவு. அவர் நமக்குக் கற்பிப்பது ஒன்று உண்டு. அது பாலாடை. புட்டியின் ரப்பர்க் காம்புக்குப் பழகிய குழந்தை சில சமயம் தாயின் மார்பை மறுக்கும். புட்டியைச் சுத்தம் செய்வதும் கடினம். மூக்குள்ள அச்சிறு கிண்ணத்தைக் கொதிநீரில் இட்டு எடுத்தால் தீர்ந்தது. குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் முறைகளை விளக்கும் ஆங்கில மருத்துவ நூல்களில் "பாலாடை" என்னும் நம் சொல்லே மொழிபெயர்க்கப்படாமல் வழங்குகிறது. மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.

வெளிநாட்டுக்கு விமானத்தில் செல்வோருக்கு ஒரு சொல். 2006ஆம் ஆண்டு லண்டனில் வெளிப்பட்ட சதியின் பின், 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவம் கைப்பையில் தடுக்கப்பட்டது. தாய்ப்பாலுக்கு விலக்கு உண்டு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் குழந்தை உடனில்லாவிடினும் கொண்டுசெல்லலாம். பிரிட்டனில் உறைந்த தாய்ப்பாலைக் கைப்பையில் கொண்டுசெல்ல அனுமதியில்லை. எந்த விமான நிலையத்திலும் சோதனைக்கு முன்பே பாலையும் கருவியையும் தனியே எடுத்து வைத்துச் சொல்லிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

திரும்பி வந்ததும், "வெயிலில் வந்திருக்கிறாய், சூட்டுப் பாலைப் பீய்ச்சிவிட்டு அப்புறம் கொடு" என்பார் பாட்டி. மார்பிலுள்ள பால் உடலின் வெப்பத்திலேயே இருப்பது. பயணம் அதைச் சுடவைப்பதில்லை. முகம் கைகால் கழுவிவிட்டுக் குழந்தையை எடுத்துக்கொள்ளலாம். சில குழந்தைகள் ஐந்து நாள் பிரிவுக்குப் பின் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வற்புறுத்த வேண்டாம். குழந்தை அரைத்தூக்கத்தில் இருக்கும்போது, விளக்கைத் தணித்துவிட்டு, மேனியோடு அணைத்துக்கொண்டு படுத்தால், பெரும்பாலும் இரண்டொரு நாளில் தானே பற்றிக்கொள்ளும். அதுவரை பீய்ச்சுவதை நிறுத்தாமல், எடுத்ததைப் பாலாடையில் கொடுத்து வரலாம்.