பாப்பா ஏன் சத்தமே போடல? கொடைக்கானலில் ஒரு குடும்ப ட்ரெக்

(ஒலிப்பதிவிலிருந்து எழுதி, வாசிப்பதற்காகக் கொஞ்சம் திருத்தியது)

போன மாசம் ட்ரெக்கிங் பத்தி ஒரு எபிசோட் போட்டோம் இல்லையா, அதுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட ஒரே கேள்வி: "ப்ரோ, சின்னக் குழந்தையை வெச்சுக்கிட்டு மலைக்குப் போகலாமா?" அக்கா பையனைக் கூட்டிட்டுப் போகணும்னு ஒருத்தர், ரெண்டு வயசுப் பொண்ணு இருக்குன்னு ஒருத்தர்.

போகலாம். தாராளமா போகலாம். ஆனா இதுக்குப் பதில் சொல்லணும்னா நான் ஒரு கதையை ஒத்துக்கணும். அதைச் சொல்ல வெட்கமா இருந்ததாலதான் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன். இன்னைக்கு சொல்லிடறேன்.

கல்யாணத்துக்கு முன்னாடி நான் வீக்கெண்ட் ஆனா மலையில இருக்கிற ஆள். வெள்ளியங்கிரி, குமார பர்வதம், இப்படி ஓடிட்டே இருந்தேன். பாப்பா பிறந்த பிறகு மூணு வருஷம் ஒரு மலையும் ஏறல. அந்த ஏக்கம் உள்ளுக்குள்ள இருந்துட்டே இருந்துச்சு. போன ஆயுத பூஜைக்கு லாங் வீக்கெண்ட் கிடைச்சதும், "குடும்பமா கொடைக்கானல் போறோம், வட்டக்கானல்ல ஒரு குட்டி ட்ரெக் பண்றோம்"னு அறிவிச்சுட்டேன். கேட்கல, அறிவிச்சேன். அதைக் குறிச்சு வெச்சுக்கோங்க.

முதுகுல மாட்டிக்கிற குழந்தை கேரியர் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன். அலுமினிய ஃபிரேம், இடுப்பு பெல்ட், மேல மழைக்கு ஒரு கவர். என்னோட முதல் பைக்கைக்கூட அவ்வளவு ஆசையா பார்த்திருக்க மாட்டேன். எக்செல் ஷீட் ஒண்ணு போட்டு, எத்தனை மணிக்கு எங்க இருக்கணும்னு எழுதினேன். இ-பாஸ் எடுத்தாச்சு. 2024 மே மாசத்துல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில போக அது வேணும், மறந்துடாதீங்க.

கிளம்பும்போது எங்க அம்மா ஒரு குரங்கு குல்லாவைக் கொண்டுவந்து நீட்டினாங்க. சிவப்புக் கம்பளி, கண்ணும் மூக்கும் வாயும் மட்டும் தெரியுமே, அது. "அம்மா, நாம இமயமலைக்கா போறோம்?"னு சிரிச்சேன். அவங்க ஒண்ணும் சொல்லாம பையோட அடியில வெச்சுட்டாங்க.

முதல்ல இறக்கம், அப்புறம் ஏற்றம்

வட்டக்கானல் பாதை தெரியாதவங்களுக்கு: கொடைக்கானல் ஊரில் இருந்து சில கிலோமீட்டர் தள்ளி வட்டக்கானல். அங்க ரோடு முடிஞ்சு, காட்டுக்குள்ள டால்பின்ஸ் நோஸ் என்கிற பாறைக்கு நடந்து இறங்கணும். மரத்து வேர்களே படிக்கட்டு. அந்தப் பாறையையும் தாண்டிப் போனா எக்கோ பாயிண்ட். இன்னும் கீழே இறங்கினா வெள்ளகவி கிராமம். ரொம்ப காலமா ரோடே இல்லாம, நடந்தும் குதிரையில சாமான் ஏத்தியும் வாழ்ந்த ஊர் அது.

தூரம் பெருசு இல்லை. ஆனா இந்தப் பாதை மத்த மலைகளுக்கு நேர் எதிர். சாதாரணமா, மலை ஏறும்போது களைப்பு முதல்ல வரும், "போதும்"னு தோணுனா திரும்பி இறங்கிடலாம். இங்க முதல்ல ஜாலியா இறங்கிட்டே இருப்போம். களைப்பு தெரியும்போது, ஏற வேண்டியது முழுசும் பாக்கி இருக்கும். ஷீட்ல நான் தூரத்தை எழுதியிருந்தேன். இதை எழுதல.

எட்டு மணிக்குக் கிளம்பணும்னு பிளான். கூட்டம், பார்க்கிங், பாப்பாவுக்கு இட்லி ஊட்டி முடிச்சு, நடக்க ஆரம்பிச்சப்போ மணி பதினொண்ணு. அம்மாவுக்கு முட்டி வலி, அதனால அவங்க ரூம்லயே இருந்துட்டாங்க. நான், மனைவி, பாப்பா மூணு பேரும் இறங்கினோம்.

முதல் இருபது நிமிஷம், சத்தியமா சொல்றேன், அந்த ட்ரிப்போட நல்ல பகுதியே அதுதான். பாப்பா தானாவே நடந்தா. ஒவ்வொரு வேரையும் தொட்டா. ஒரு மரவட்டையைப் பார்த்து அப்படியே ஈரப் புல்லுல உட்கார்ந்துட்டா. தொட்டா அது சுருளும், விட்டா நகரும். "ப்பா, இதுக்கு எத்தன காலு?" பத்து நிமிஷம் ஆச்சு. அவ எழுந்திருக்கவே இல்ல.

நான் வாட்ச்சைப் பார்த்தேன். ஷீட் படி இந்நேரம் பாறையில இருக்கணும். "வா பாப்பா, வா வா"னு தூக்கி கேரியர்ல உட்கார வெச்சு பெல்ட் போட்டேன். அவளுக்குக் கால் வலிக்கல. எனக்குத்தான் அவசரம். புல்லுல உட்கார்ந்ததுல அவளோட காட்டன் லெக்கிங்ஸ் நனைஞ்சிருந்துச்சு. மனைவி, "மாத்தி விட்டுடலாமா?"ன்னா. "மேல போய் மாத்திக்கலாம்"னு சொன்னேன். போறதே கீழதான், மேலேன்னு ஏன் சொன்னேன்னு இப்போ வரைக்கும் தெரியல.

டால்பின்ஸ் நோஸ் போனா, ஒரே வெள்ளை. பனிமூட்டம். பள்ளத்தாக்கும் இல்ல, கீழே ஊரும் இல்ல. பாறை நுனியில ஃபோட்டோ எடுக்க மட்டும் ஒரு வரிசை. "திரும்பிடலாம், தூறல் வேற போடுது"ன்னா மனைவி. "இவ்வளவு தூரம் வந்துட்டோம், எக்கோ பாயிண்ட் பக்கம் கொஞ்சம் விலகியிருக்கும், இருபது நிமிஷம்தான்." இது நான்.

பாதை வழுக்குச்சு. அதனால மனைவி முன்னாடி, நான் பின்னாடி. பாப்பா என் முதுகுல. அதாவது, எங்க ரெண்டு பேர் கண்ணுக்கும் அவ முகம் தெரியல. எனக்கு வியர்த்துக் கொட்டுச்சு, ஜாக்கெட்டைக் கழட்டி இடுப்புல கட்டிக்கிட்டேன். மழைக் கவர் அவ தலைக்கு மேல இருந்துச்சு. கால் ரெண்டும் வெளியே தொங்கிட்டு இருந்துச்சு.

"ப்பா, எறக்கி விடு"ன்னா. "இதோ வந்துட்டோம்டா"ன்னேன். கொஞ்ச நேரத்துல மறுபடியும். மூணாவது தடவை அழுதுட்டே சொன்னா. அப்புறம் சத்தம் நின்னுடுச்சு.

நான் மனைவிகிட்ட பெருமையா சொன்னேன்: "பார்த்தியா, செட் ஆயிட்டா. தூங்கிட்டா போல."

கடைக்காரம்மா

வழியில தார்ப்பாய் கட்டின ஒரு சின்னக் கடை. அடுப்பு, கெட்டில், நாலு மேகி பாக்கெட். நான் தாண்டிப் போகும்போது அந்தக் கடைக்கார அம்மா பின்னாடி இருந்து கூப்பிட்டாங்க.

"ஏப்பா தம்பி, நில்லு. புள்ள உதட்டப் பாத்தியா?"

இறக்கிப் பார்த்தா, பாப்பா தூங்கல. கண்ணு திறந்துதான் இருந்துச்சு. உதடு வெளிறி, லேசா நீலம் பாய்ஞ்ச மாதிரி. கையைத் தொட்டா ஐஸ். கால் அதைவிட மோசம். கூப்பிட்டா என்னைப் பார்த்தா, ஆனா ஒண்ணும் சொல்லல. எங்க பாப்பா ஒரு நிமிஷம் வாய் மூடி இருக்கிற ஆள் இல்லீங்க.

எனக்கு மூளை நின்னுடுச்சு. அந்த அம்மாதான் வேலையை ஆரம்பிச்சாங்க. "ஈரத்துணிய மொதல்ல கழட்டு. எல்லாத்தையும். ஏம்மா, நீ புள்ளைய உன் நெஞ்சோட வெச்சுக்கோ, மேல இந்தப் போர்வைய சுத்திக்கோ." என் மனைவி சுடிதாருக்குள்ள பாப்பாவைச் சேர்த்து அணைச்சுக்கிட்டா. அடுப்பு பக்கத்துல உட்கார வெச்சாங்க. சர்க்கரை போட்ட வெதுவெதுப்பான பாலைக் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்தாங்க. நான் பையைக் கொட்டினேன், அடியில இருந்து அந்தச் சிவப்புக் குல்லா விழுந்துச்சு. எதுவும் பேசாம எடுத்து அவ தலையில மாட்டினேன்.

கொஞ்ச நேரத்துல நடுங்க ஆரம்பிச்சா. அப்புறம் பால் வேணும்னு கையை நீட்டினா. ஒரு இருபது நிமிஷம் கழிச்சு, ஓன்னு ஒரு அழுகை. மூணு வருஷமா அந்த அழுகையை நிறுத்தத்தான் பாடுபட்டிருக்கேன். அன்னைக்கு அது நிக்கவே வேண்டாம்னு இருந்துச்சு.

பாலுக்குக் காசு வாங்கிக்கல அந்த அம்மா. நாங்க சாப்பிட்ட மேகிக்கு மட்டும் வாங்கினாங்க.

திரும்பி ஏற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு. மனைவிதான் பாப்பாவை முன்பக்கமா துப்பட்டாவுல கட்டித் தூக்கிட்டு வந்தா. என்கிட்ட கொடுக்கல. காலி கேரியரை மாட்டிக்கிட்டு நான் பின்னாடி நடந்தேன். ராத்திரி பாப்பா தூங்கின பிறகுதான் பேசினா: "உனக்குக் குளிரல. அதனால அவளுக்கும் குளிரலன்னு நெனச்சுட்ட. அவ மூணு தடவ சொன்னா, நான் ஒரு தடவ சொன்னேன். உனக்குக் கேட்டுச்சு, ஆனா நீ கேட்கல."

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இன்னைக்கும் இல்ல.

என்ன நடந்தது?

ஊருக்கு வந்த பிறகு உட்கார்ந்து படிச்சேன். நம்ம வேலையில ஒரு சர்வர் விழுந்தா, ஏன் விழுந்துச்சுன்னு அறிக்கை எழுதுவோம் இல்லையா, அந்த மாதிரி.

முதல் காரணம், உயரம். கடல் மட்டத்தில் இருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறு டிகிரிக்கு மேல் குறையும். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கீழே வத்தலகுண்டில் வியர்த்துக்கொண்டு டீ குடித்ததைவிட அங்கே பன்னிரண்டு டிகிரி அளவுக்குக் குளிர் கூடுதல்.

இரண்டாவது, நடக்கிறவருக்குத் தசை வேலை செய்வதால் உடம்பு சூடாகும். தூக்கிச் செல்லப்படும் குழந்தை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு அந்தச் சூடு கிடையாது. ஒரே இடம், ஒரே நேரம். எனக்கு வியர்க்குது, ஒரு அடி பின்னாடி இருக்கிற அவளுக்கு விறைக்குது. அதுவும் கேரியர்ல தொங்குற கால் அசையாமலேயே இருக்கிறதால முதல்ல குளிர்றது அதுதான்.

மூன்றாவது, குழந்தைகளின் உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். அதனால் வெப்பம் சீக்கிரம் வெளியேறும். நான்காவது, ஈரமான பருத்தி. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் சேர்ந்தாலும் தப்பிச்சிருக்கலாம். எங்கிட்ட அலர்ட் வந்துச்சே, மூணு தடவை! நான் அதைத் தொந்தரவுன்னு எடுத்துக்கிட்டேன். அது நின்னப்போ பிரச்சனை தீர்ந்துடுச்சுன்னு எடுத்துக்கிட்டேன். ஆஃபீஸ்ல இதே தப்பை ஒரு ஃப்ரெஷர் பண்ணினா நானே சொல்லுவேன்: "தம்பி, அலர்ட் வரலைன்னா எல்லாம் நல்லா ஓடுதுன்னு அர்த்தம் இல்ல, அலர்ட் அனுப்புற சர்வீஸே விழுந்திருக்கலாம்." சிணுங்குற குழந்தைக்குச் சிணுங்கத் தெம்பு இருக்கு. அமைதியாயிட்டா, போய் முகத்தைப் பார்க்கணும்.

இப்போ நாங்க என்ன பண்றோம்

பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்னு, பாப்பா முகத்தைப் பார்த்து, கழுத்துக்குப் பின்னாடியும் பாதத்தையும் தொட்டுப் பார்க்கிறோம். ரெண்டு பெரியவங்க இருந்தா ஒருத்தர் கேரியருக்குப் பின்னாடிதான் நடக்கணும். ஒரு முழு செட் துணி பாலிதீன் கவர்ல சுத்தி, எட்டுற இடத்துல. நனைஞ்சா அப்பவே மாத்தணும், "மேல போய்" எல்லாம் கிடையாது. ஃபிளாஸ்க்ல வெந்நீர். திரும்புற நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு பண்றோம். யாராவது ஒருத்தர் "போதும்"னு சொன்னா, அது பாப்பாவா இருந்தாலும், விவாதம் இல்ல.

ஒண்ணு முக்கியம். குளிர்ந்துபோன குழந்தை நடுங்குது, பேசுது, கொடுத்தா குடிக்குதுன்னா உடம்பு இன்னும் போராடுதுன்னு அர்த்தம். நடுக்கம் நின்னு, துவண்டு, கூப்பிட்டா சரியா பார்க்கலைன்னா, டீக்கடை வைத்தியம் பண்ணிட்டு உட்காராதீங்க. ஈரத்தைக் கழட்டி, சுத்தி எடுத்துட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு, தமிழ்நாடு அரசு 2024 அக்டோபர்ல 40 ட்ரெக் பாதைகளை ஆன்லைன் புக்கிங்கோட திறந்துச்சு. எளிது, மிதமானது, கடினம்னு பிரிச்சிருக்காங்க. குழந்தையைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி வயசு விதிகளைப் படிச்சுட்டுப் போங்க.

மறுநாள் நாங்க எங்க போனோம் தெரியுமா? கோக்கர்ஸ் வாக். தளம் போட்ட நடைபாதை, சுமார் ஒரு கிலோமீட்டர். பழைய நானா இருந்தா, "இதெல்லாம் ஒரு நடையா"ன்னு சொல்லியிருப்பேன். அம்மாவும் வந்தாங்க. கேரியர் ரூம்லயே கிடந்துச்சு. பாப்பா குரங்கு குல்லாவோட ஒவ்வொரு கம்பியா தொட்டு எண்ணிட்டே நடந்தா, அவளுக்கு இருபது வரைக்கும்தான் தெரியும், திரும்பத் திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சா. முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆச்சு. பாதியில மூட்டம் விலகி, கீழே சமவெளி முழுசும் தெரிஞ்சுது. நான்தான் பார்த்தேன். அவ கம்பியை எண்ணிட்டு இருந்தா.

சரி மக்களே, அவ்வளவுதான். உங்க வீட்டுக் குட்டியோட எந்த மலைக்குப் போனீங்க, எங்க சொதப்பினீங்க, வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. எனக்கு மட்டும்தான் இப்படி நடந்துச்சுன்னு நினைச்சா கஷ்டமா இருக்கு. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். பை பை!