கல்லீரல் சிகிச்சையும் நாமே சேர்க்கும் டானிக்கும்
(கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

நான் டாக்டர் அல்லன். விஞ்ஞானம் படித்து அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். நாள்பட்ட ஹெபடைடிஸுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் பலர், கொஞ்சம் அசதி, தலைசுற்றல் என்றதும் தாமாகவே ஒரு டானிக்கையோ லேகியத்தையோ சேர்த்துக்கொள்கிறார்கள். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் இரும்புச் சத்து. ஹெபடைடிஸ் 'சி'க்கு முன்பெல்லாம் இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரினும் 24 அல்லது 48 வாரம் கொடுத்தார்கள். இப்போது பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரை போதும். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அது இலவசம். ஆனால் கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கட்டியவர்களுக்கு ரிபாவிரினும் சேர்ப்பதுண்டு. அது சிவப்பணுக்களை உடைப்பதால் சோகை வருகிறது. உடைந்த அணுக்களின் இரும்பு உடம்பிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே இரும்பு டானிக் இந்தச் சோகையைத் தீர்க்காது. மிகுந்தால் கல்லீரலில் போய்ப் படியும். டாக்டரிடம் சொன்னால் ரிபாவிரின் அளவைக் குறைப்பார்.

அடுத்தது மூலிகை. கீழாநெல்லியைப் பற்றிச் சென்னை ஆராய்ச்சியாளர்கள், நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்குடன் சேர்ந்து, 1988-இல் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார்கள். ஹெபடைடிஸ் 'பி' கிருமி உள்ள 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்ததாம். பிற்பாடு வேறிடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. சீந்தில் சாப்பிட்டதால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 43 பேரைப் பற்றி, நம் நாட்டின் 13 மருத்துவ மையங்கள் 2022-இல் எழுதியிருக்கின்றன. மூலிகையை நம்பி ஹெபடைடிஸ் 'பி' மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதோ இதைவிட விபரீதம். அடங்கியிருந்த நோய் சீறி எழும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

நெஞ்செரிச்சல் மாத்திரைகூடச் சாதாரணமல்ல. வெல்படாஸ்வீர் கலந்த மருந்து உடம்பில் சேருவதை அது குறைத்துவிடும்.

பின் என்னதான் சாப்பிடலாம்? பருப்பையும் தயிரையும் விலக்கிப் பத்தியம் இருக்க வேண்டாம், புரதம் அவசியம். மாமிசம் உண்ணாத நமக்கு பி12 குறைவிருந்தாலும் அசதி வரும். பரிசோதனையில் தெரிந்தால் டாக்டரே எழுதித் தருவார். ஒரு நல்ல சேதி: காப்பி குடிப்பவர்களுக்குக் கல்லீரலில் தழும்பு குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறது. சர்க்கரையை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, அகத்தில் உள்ள டானிக், சூரணம், லேகியம் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுங்கள். "இயற்கை மருந்துதானே" என்று மறைக்க வேண்டாம்.