கருத்துக்கும் ஓடோமீட்டர் உண்டு: வி-ஸ்ட்ராம் 650 எக்ஸ்டி பற்றி ஓட்டினவங்க, ஓட்டாதவங்க

(இது எபிசோடின் பேச்சு வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் தொகுத்திருக்கிறோம்.)

திண்டுக்கல்ல இருந்து பேசுறேன்.

போன எபிசோட் முடியும்போது போற போக்குல ஒரு வரி சொன்னேன். "செகண்ட் ஹேண்ட்ல ஒரு சுசுகி வி-ஸ்ட்ராம் 650 எக்ஸ்டி பார்த்து வச்சிருக்கேன், எடுக்கலாமான்னு யோசிக்கிறேன்." அவ்வளவுதான் சொன்னேன். நாப்பது நிமிஷம் பேசினதை எல்லாம் விட்டுட்டு, வந்த வாய்ஸ் நோட்டு முக்கால்வாசி அந்த ஒரு வரிக்குத்தான்.

பாதிப் பேரு, "அந்த வண்டியா? வேணாம் ப்ரோ." மீதிப் பேரு, "அந்த வண்டியா? யோசிக்காம எடுங்க ப்ரோ." நடுவுல ஆளே இல்ல.

எனக்கு இது வேடிக்கையா இருந்துச்சு. அதனால எல்லாருக்கும் திருப்பி ஒரே கேள்வி அனுப்பினேன்: "இந்த வண்டிய நீங்க எவ்வளவு தூரம் ஓட்டியிருக்கீங்க?" பதில் வந்ததும் படம் தெளிவாயிடுச்சு. வேணாம்னு சொன்னவங்கள்ல பெரும்பாலானவங்க அதுல உக்காந்ததே இல்ல. எடுங்கன்னு சொன்னவங்க பத்தாயிரம், இருபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டினவங்க. ஆனா சுவாரஸ்யம் வேற ஒரு இடத்துல இருக்கு. அந்த வண்டியில நிறைய குறை சொன்னதும் இந்த ரெண்டாவது குரூப்புதான்! அது ஏன்னுதான் இன்னைக்குப் பேசப் போறோம்.

வண்டி யாரு?

தெரியாதவங்களுக்கு முதல்ல அறிமுகம். வி-ஸ்ட்ராம் 650 எக்ஸ்டி இந்தியாவுக்கு வந்தது 2018 அக்டோபர்ல. டெல்லி எக்ஸ் ஷோரூம் விலை 7.46 லட்சம். 2020 நவம்பர்ல பிஎஸ்6 ஆனப்ப 8.84 லட்சம். அப்புறம் சத்தமில்லாம கடையை விட்டுப் போயிடுச்சு. 2024 மார்ச்ல அந்த இடத்துக்கு வி-ஸ்ட்ராம் 800 டிஇ வந்துச்சு.

645 சிசி, 90 டிகிரி வி-ட்வின் இன்ஜின். 71 பிஎஸ் பவர், 62 நியூட்டன் மீட்டர் டார்க். 20 லிட்டர் டேங்க். எடை 216 கிலோ. இந்த இன்ஜினோட வம்சம் 1999-ல வந்த எஸ்வி650-ல இருந்து வருது. அதாவது, நம்மள்ல பல பேரு எல்கேஜி போன காலத்து டிசைனை சுசுகி இத்தனை வருஷமா திருத்தித் திருத்தி ஓட்டியிருக்காங்க. சாஃப்ட்வேர்காரங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, இது லெகசி கோடு. பார்க்க அழகா இருக்காது. ஆனா ப்ரொடக்‌ஷன்ல விழாது.

இன்னொரு கூத்து. இன்னைக்கு நம்ம ஊர்ல "வி-ஸ்ட்ராம்"னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது 2022-ல வந்த 250 எஸ்எக்ஸ். அது ஒத்தை சிலிண்டர். 800 டிஇ ரெண்டு சிலிண்டர்தான், ஆனா பக்கத்துல பக்கத்துல நிக்குது. பேர்ல இருக்கற அந்த "வி" நிஜமாவே இன்ஜின்ல இருந்தது 650-ல. அதைத்தான் யாரும் திரும்பிப் பார்க்கல.

ஓட்டாதவங்க சொல்றது

ஓட்டாதவங்க கருத்தை மட்டமா பேசக் கூடாது. அவங்க சொல்ற ஒவ்வொன்னும் உண்மைதான்.

"டிஎஃப்டி டிஸ்ப்ளே இல்ல." இல்ல. "குவிக் ஷிஃப்டர் இல்ல." இல்ல. "ஹெட்லைட் எல்இடி கிடையாது, ஹாலோஜன்." ஆமா. "ஏபிஎஸ்ஸை ஆஃப் பண்ண முடியாது, அப்புறம் என்ன அட்வெஞ்சர்?" நியாயமான கேள்வி. "கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மில்லிமீட்டர்தான்." சரிதான். "மூஞ்சி கொக்கு மாதிரி இருக்கு." அது ரசனை, நான் தலையிடல.

கவனிச்சீங்களா? இந்தக் குறை எல்லாமே ஒரு பேப்பர்ல டிக் போடக்கூடிய குறை. ரெண்டு வண்டியோட லிஸ்ட்டைப் பக்கத்துல பக்கத்துல வச்சா உடனே தெரியும். இந்த வண்டி தோத்தது ரோட்டுல இல்ல, அந்த லிஸ்ட்ல. அதே நேரத்துல கவாசாகி வெர்சிஸ் 650 இதைவிடக் கொஞ்சம் கம்மி விலைக்குக் கிடைச்சுது. பெருமையா சொல்லிக்க ஒரு நம்பர்கூட இல்லாத வண்டிக்கு யாரு எட்டு லட்சம் எண்ணி வைப்பா?

நம்ம ரோட்டுல என்ன ஆகுது?

மதுரையில ஒரு அண்ணன் இந்த வண்டியை வச்சிருக்காரு. வாய்ஸ் நோட்டு அனுப்பினவர்ல ஒருத்தர். "பேசிட்டே இருக்காத தம்பி, வந்து ஓட்டு"ன்னுட்டாரு. ஒரு ஞாயித்துக்கிழமை சாவியைக் கொடுத்தாரு. அவரு என் வண்டியில பின்னாடியே வந்தாரு, பாவம்.

முதல்ல நாலு வழிச் சாலை. ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க. மத்திய அரசோட 2018 அறிவிப்புப்படி நாலு வழிச் சாலையில டூவீலருக்கு உச்ச வேகமே 80 கிலோமீட்டர்தான். அந்த வேகத்துல 71 பிஎஸ்ஸே பாதி தூக்கத்துலதான் ஓடும். அப்ப முக்கியமானது பவர் இல்ல. மூணு மணி நேரம் கழிச்சு நம்ம கையும் முதுகும் எப்படி இருக்குன்றதுதான். 90 டிகிரி வி-ட்வின்ல ஒரு பிஸ்டனோட உதறலை இன்னொரு பிஸ்டன் பெருமளவு சமன் பண்ணிடும். அதனால கையில மரமரப்பு வர்றதில்ல. சின்ன வண்டிகள்ல கரூர் வரைக்கும் போயிட்டு டீ கிளாஸைப் பிடிச்சா கை ஒரு மாதிரி கூசுமே, அது இதுல இல்ல.

இன்னொன்னு காத்து. நம்ம சமவெளியில ஆனி, ஆடியில காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும். ஒட்டன்சத்திரம் பக்கம் போனா லேசான வண்டியை லேன் மாத்தியே விட்டுடும். லிஸ்ட்ல "எடை ஜாஸ்தி"ன்னு மைனஸ் மார்க் வாங்கின அந்த 216 கிலோ, அங்க ப்ளஸ் மார்க் ஆயிடுது.

ரெண்டாவது மலை. வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் ரோட்டுல ஏறினோம். முன்னாடி ஒரு பஸ், அதுக்கு முன்னாடி தக்காளி லாரி. இங்கதான் டார்க்னா என்னன்னு புரியும். கியர் குறைக்காம, லேசா திருகினா போதும், வண்டி பஸ்ஸைத் தாண்டிடுது. கொண்டை ஊசி வளைவுல வேகம் நடக்கற அளவுக்குக் குறைஞ்சாலும் இன்ஜின் அணையாது. கிளட்ச் விடும்போது ஆர்பிஎம்மைத் தானா கொஞ்சம் ஏத்திக் கொடுக்கற ஒரு வசதி இருக்கு, லோ ஆர்பிஎம் அசிஸ்ட்னு பேரு. விளம்பரத்துல படிச்சப்ப இது என்ன பெரிய விஷயம்னு தோணும். பின்னாடி பஸ் ஹாரன் அடிக்கும்போது வளைவுல அணையாம இருக்கறது பெரிய விஷயம்.

மூணாவது கெட்ட ரோடு. ஊத்துல திரும்பி பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை வழியா சித்தரேவு இறங்கினோம். காபித் தோட்டத்துக்கு நடுவுல ஒத்தையடி மாதிரி ரோடு, அங்கங்க பேர்ந்து கிடக்கு. இங்க 170 மில்லிமீட்டர் லேசா பயமுறுத்துது. ஏன்னா இந்த வண்டியில எக்ஸாஸ்ட் பைப்பும் ஆயில் ஃபில்டரும் முன்னாடி கீழயே துருத்திட்டு இருக்கும். நேரா கல் அடிச்சா செலவுதான். அந்த அண்ணன் அலுமினிய பேஷ் பிளேட் போட்டிருந்தாரு. "இது ஆக்சஸரி இல்ல தம்பி, இன்சூரன்ஸ்"னாரு. இந்த வண்டி ரோடு போடாத காட்டுக்குள்ள பாயற வண்டி இல்ல. ரோடு போட்டு, அப்புறம் கவர்மென்ட் மறந்துபோன ஊருக்குப் போற வண்டி. நம்ம மாவட்டத்துக்கு ரெண்டாவதுதான் அதிகம் தேவைப்படும்.

ஓனர்கள் சொல்ற குறை

இப்ப நான் முதல்ல சொன்ன விஷயத்துக்கு வர்றேன். நிறைய ஓட்டினவங்கதான் நிறைய குறை சொன்னாங்க. ஆனா அந்தக் குறை எதுவும் லிஸ்ட்ல டிக் போடற குறை இல்ல.

ஒருத்தர் சொன்னது: "முன்னாடி விண்ட் ஸ்கிரீன், காத்தை நேரா ஹெல்மெட்டுக்கு அனுப்புது. ரெண்டு மணி நேரம் கழிச்சுத் தலை கிண்ணுனு இருக்கும்." இது உலகம் முழுக்க இந்த வண்டி ஓட்டறவங்க சொல்ற பழைய புகார். உயரத்தை மூணு நிலையில மாத்தலாம், ஆனா ஸ்பானர் வேணும். ஓட்டிட்டே மாத்த முடியாது.

இன்னொருத்தர்: "ஏர் ஃபில்டர் பார்க்கணும்னாகூட டேங்க்கைத் தூக்கணும். ரெண்டு சிலிண்டருக்கு நாலு ஸ்பார்க் பிளக். தெரியாத மெக்கானிக்கிட்ட விட்டா பாதி நாள் போயிடும்."

மூணாவது ஒரு அக்கா. சென்னையில இருக்காங்க, தனியா நிறைய டூர் போறவங்க. "சீட் உயரம் 835. ஓடும்போது 216 கிலோ தெரியாது. பெட்ரோல் பங்க்ல சரிவா இருக்கற இடத்துல நிறுத்தினா அப்ப தெரியும்."

ஆனா இதே ஆளுங்கதான் சொன்னாங்க: முழு டேங்க்குக்கு 400 கிலோமீட்டர் தாராளமா வருது. திண்டுக்கல்லுல நிரப்பினா சென்னைக்குப் பக்கத்துல போயிடலாம். ஸ்போக் வீல், ஆனாலும் டியூப்லெஸ். இது எவ்வளவு பெரிய நிம்மதின்னு சொல்றேன். புது 800 டிஇ-ல கிரவுண்ட் கிளியரன்ஸ் 220 மில்லிமீட்டர், சஸ்பென்ஷன் அருமை, எல்லாம் சரி. ஆனா டியூப் டயர். ராத்திரி எட்டு மணிக்கு வேடசந்தூர் தாண்டி பஞ்சர் ஆனா வீலைக் கழட்டணும். 650-க்கு எந்தப் பஞ்சர் கடையிலயும் ஒரு குச்சி சொருகி அனுப்பிடுவாங்க.

ஓட்டாதவங்க குறை "இது இல்ல, அது இல்ல"ன்னு இருக்கும். ஓட்டினவங்க குறை "இந்த இடத்துல, இந்த நேரத்துல, இப்படி ஆகும், அதுக்கு இதைப் பண்ணு"ன்னு இருக்கும். முதல் வகை, வண்டியை விலை பேச உதவும். ரெண்டாவது வகைதான் வண்டியோட வாழ உதவும்.

காசு பேசுவோம்

எங்க அப்பாவோட கருத்து ஒரே வரி: "இந்தக் காசுக்குக் காரே வாங்கலாமேடா." திண்டுக்கல்லுல பெரிய பைக் பத்தின ஒரே அதிகாரப்பூர்வ விமர்சனம் இதுதான். அவர் சொல்றதுல தப்பு இல்ல. மழை, வெயில், அம்மாவைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரி போறது, எல்லாத்துக்கும் கார்தான்.

கணக்கைப் பாருங்க. 350 சிசிக்கு மேல இருக்கற வண்டிக்கு முன்னாடி செஸ் சேர்த்து 31 சதவீதம் வரி. 2025 செப்டம்பர் 22-ல இருந்து 40 சதவீதம் ஜிஎஸ்டி. தமிழ்நாட்டுல ஒரு லட்சத்துக்கு மேல போற டூவீலருக்கு 12 சதவீதம் சாலை வரி தனி. 800 டிஇ வந்தப்பவே எக்ஸ் ஷோரூம் 10.30 லட்சம். அதனால பழைய 650-க்கு இப்பதான் மவுசு வருது. புதுசா இருந்தப்ப சீண்டாத வண்டியை இப்ப தேடுறாங்க.

ஆனா வண்டி விலை மட்டும் செலவு இல்ல. நிறுத்திட்ட மாடல், பார்ட்ஸ் சிலது காத்திருந்துதான் வாங்கணும். நம்ம ஊர்ல இருந்து சர்வீஸுக்குப் பெரிய ஊருக்குத்தான் போகணும், ஒரு லீவு போகும். வால்வ் கிளியரன்ஸ் 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்கணும். நான் பார்த்திருக்கற வண்டி 31,000 ஓடியிருக்கு. அதனால ஓனர்கிட்ட நான் கேட்டது ஒன்னே ஒன்னுதான்: "24,000-ல அதைப் பார்த்த பில் இருக்கா?" தேடிட்டு இருக்காரு. பில் வந்தா மேல பேசுவேன். வரலைன்னா அந்தச் செலவை விலையில கழிப்பேன். அதோட ஃபோர்க் சீல் கசிவு, ஸ்போக் துரு, ரேடியேட்டர்ல கல்லடி, டயர் தயாரிச்ச வாரம், இது நாலையும் கையால தொட்டுப் பார்த்துட்டுத்தான் அட்வான்ஸ். லோன் போட்டு எடுக்கற ஐடியா இல்ல. நம்ம வேலையில அடுத்த வருஷம் என்னன்னு யாருக்கும் தெரியாது. ஓய்வெடுக்க வாங்கற வண்டிக்கு இஎம்ஐ கட்டிட்டுத் தூக்கம் கெடக் கூடாது.

அப்ப யாருக்கு இந்த வண்டி?

ஆஃபீஸுக்கும் வீட்டுக்கும் நடுவுல தினம் பத்து கிலோமீட்டர்னா வேணாம். சிக்னல்ல நாலு பேரு திரும்பிப் பார்க்கணும்னா வேணவே வேணாம். மண்ணுல, ஆத்துல இறங்கி விளையாடணும்னா ஹிமாலயன் 450 மாதிரி வண்டி பாதி விலைக்கும் கம்மியா இருக்கு, விழுந்தாலும் மனசு வலிக்காது.

மாசம் ஒரு தடவை 600 கிலோமீட்டர், வருஷம் ஒரு தடவை பெரிய டூர், பின்னாடி ஒரு ஆளும் பையும், திரும்பி வந்து திங்கக்கிழமை காலையில ஸ்டேண்ட்-அப் கால்ல கழுத்து வலியில்லாம உக்காரணும்னா, இதைப் பாருங்க.

திண்டுக்கல்காரன் பூட்டு உதாரணம் சொல்லாம முடிக்க மாட்டானேன்னு நினைக்கறவங்களுக்காகச் சொல்லிடுறேன். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பூட்டு எங்களோடது. மெஷின்ல செஞ்ச பூட்டு விலை கம்மியா வந்ததும் ஜனம் அந்தப் பக்கம் போயிடுச்சு. எங்க பூட்டு நல்லா இல்லைன்னு யாரும் சொல்லல. வாங்கறதை மட்டும் நிறுத்திட்டாங்க. பாராட்டு வேற, விற்பனை வேற.

அடுத்த தடவை யாராவது ஒரு வண்டியைப் பத்தியோ, போனைப் பத்தியோ, கம்பெனியைப் பத்தியோ உறுதியா ஒரு கருத்து சொன்னா, மரியாதையா ஒரு கேள்வி கேளுங்க: "எவ்வளவு ஓட்டியிருக்கீங்க?"

இந்த வண்டி வச்சிருக்கறவங்க, குறிப்பா 50,000 தாண்டினவங்க, உங்க செலவுக் கணக்கை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. வந்ததை வச்சு இன்னொரு எபிசோட் பண்ணலாம். ஹெல்மெட் பட்டையை மாட்டுங்க, சும்மா தலையில வச்சுட்டுப் போகாதீங்க. சந்திப்போம்.