காற்று ஒரு திசையில், அலை ஒரு கரையில்



ஆடி மாதத்தில் நாகமரைத் துறையிலோ ஒட்டனூர்த் துறையிலோ நின்று பார்த்திருக்கிறீர்களா? எதிரே சேலம் மாவட்டத்துக் கரை, நடுவில் மேட்டூர் அணையில் தேங்கிய காவிரி. மேற்கிலிருந்து காற்று இறங்கியதும் தண்ணீரின் மேல் முதலில் சுருக்கம் விழும். கொஞ்ச நேரத்தில் முழங்கால் உயர அலை வந்து கரையை அறையும். பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டு, “காத்து அடங்கட்டும் வாத்தியாரே, அப்புறம் போலாம்” என்பார் பரிசல்காரர். அவர் சொன்னால் சொன்னதுதான். அந்தத் தண்ணீரை அவரைவிட அறிந்தவர் யார்?

ஏன் முழங்கால் உயரத்தோடு நிற்கிறது? ஏன் பனைமரம் உயரத்துக்கு எழவில்லை? அலை வளர மூன்று வேண்டும்: காற்றின் வேகம், அது விடாமல் வீசும் நேரம், தடையில்லாமல் அது ஓடிவரும் தண்ணீரின் நீளம். காற்று எவ்வளவு வலுத்தாலும், நம் நீர்த்தேக்கத்தில் மூன்றாவது இல்லை. சில கிலோமீட்டர் ஓடுவதற்குள் அலை மலையடிவாரத்தில் முட்டிக்கொள்கிறது.

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியைப் பாருங்கள். நீளம் 560 கிலோமீட்டருக்கு மேல். அங்கே 2017 அக்டோபர் 24 அன்று மிதவைக் கருவி பதிந்த அலை ஏறத்தாழ 29 அடி. நல்ல தண்ணீர் ஏரியில்! கடல் என்றால் கேட்கவே வேண்டாம். 2013 பிப்ரவரி 4 அன்று ஐஸ்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடையே ஒரு மிதவை 19 மீட்டர் பதிந்தது. உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்ட சாதனை அது. அந்த 19 மீட்டரும், வந்த அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்துப் போட்ட சராசரிதான். தனி அலை அதையும் தாண்டி எழும்.

எனக்கு இந்த உயரங்களைவிட அலையின் பயணம்தான் பிடிக்கும். இன்றைக்குக் கிடைத்த நேரத்தில் பாதியை அதற்கே கொடுக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இயற்பியல் ஆசிரியராக இருந்தபோது பிள்ளைகளைக் கன்னியாகுமரிக்குச் சுற்றுலா கூட்டிப்போவேன். ஒருமுறை விடியற்காலையில் போய் நின்றோம். ஓர் இலைகூட அசையவில்லை. கடலோ பாறையில் இடித்துக்கொண்டிருந்தது. “காத்தே இல்லையே சார், அலை எங்கிருந்து வருது?” என்று கேட்டாள் ஒரு மாணவி. அந்தக் கேள்விக்காகவே அத்தனை தூரம் பேருந்தில் வந்தது தகும் என்று தோன்றியது. கைக்கடிகாரத்தைக் கொடுத்து, ஓர் அலை உடைந்ததிலிருந்து அடுத்தது உடையும் வரை எண்ணச் சொன்னேன். பதினாறு, பதினேழு வினாடி வந்தது. நாகமரையில் எண்ணினால் இரண்டு, மூன்றைத் தாண்டாது.

அந்த இடைவெளிதான் அலையின் பிறந்த ஊரைச் சொல்கிறது. பெரும் பரப்பில், பலத்த காற்றில், நாள் கணக்காக வளர்ந்த அலைக்குத்தான் இவ்வளவு நீண்ட இடைவெளி கிடைக்கும். கன்னியாகுமரிக்குத் தெற்கே அண்டார்டிகா வரை பெரிய நிலப்பரப்பு எதுவும் கிடையாது. அந்தத் தென்கோடிக் கடலில் புயற்காற்று உலகையே சுற்றி ஓடுகிறது. நெட்டலை எனப்படும் இந்த நீண்ட இடைவெளி அலை அங்கே கிளம்பி, மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வீதம் ஆற்றலைச் சுமந்துகொண்டு வடக்கே வரும். வழியில் இழப்பது மிகக் குறைவு. வால்டர் மங்க் என்ற கடலறிஞர் 1963இல் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை நிலையங்கள் அமைத்து, தென்கடல் புயலின் அலைகளைப் பசிபிக் முழுக்கப் பின்தொடர்ந்து இதை நிரூபித்தார்.

இதன் ஆபத்தான முகத்தை 2024இல் நாம் பார்த்தோம். மார்ச் கடைசி வாரத்தில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் 11 மீட்டர் வரை அலை எழுந்தது. மார்ச் 31 அன்று, புயலே இல்லாத கேரளக் கரையில் வீடுகளுக்குள் கடல் புகுந்தது. கள்ளக்கடல் என்று சொல்வது இதைத்தான். மே மாதம் மறுபடியும் எச்சரிக்கை வந்தது. மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப்போனது. வானம் தெளிவாக இருக்கும்போது கடலை நம்பிவிடுகிறோமே நேயர்களே, அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. நீண்ட இடைவெளி அலை ஆழம் குறைந்த இடத்தில் திடீரென உயரும், வழக்கத்தைவிட வெகுதூரம் மேலேறும், திரும்பும்போது காலை வாரிக்கொண்டு போகும். நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கடினம்.

காற்றே இல்லாமல் பிறக்கும் அலைகளும் உண்டு. 1958இல் அலாஸ்காவின் லிட்டுயா விரிகுடாவில் நிலநடுக்கத்தால் மலைச்சரிவு தண்ணீரில் விழ, எழுந்த அலை எதிர்மலையில் 524 மீட்டர் உயரம் வரை மரங்களை வழித்தெடுத்தது. நம் நாட்டிலேயே 2023 அக்டோபர் 3 இரவு சிக்கிமின் தெற்கு லோனக் ஏரியில் பக்கச் சரிவு இடிந்து விழ, 20 மீட்டர் அளவுக்கு அலை எழுந்து கரையை உடைத்தது. கீழே சுங்தாங் அணையே போய்விட்டது. இவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல இன்று நேரமில்லை; கடற்கரைக்கே திரும்புவோம்.

கோடை விடுமுறையில் நம் பக்கத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் கன்னியாகுமரிக்கும் ராமேஸ்வரத்துக்கும் வண்டி பிடிக்கின்றன. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது, செய்தியிலும் வருகிறது. கிளம்பும் முன் அதைக் கேளுங்கள். கரையில் காவலர் தடுத்தால் அந்தப் பரிசல்காரர் பேச்சைக் கேட்பது போலக் கேளுங்கள். பிள்ளைகள் தண்ணீரில் கால் வைக்கும் முன் அவர்களையே அலைகளை எண்ணச் சொல்லுங்கள். பதினைந்து வினாடிக்கு மேல் வந்தால் தண்ணீரிலிருந்து தள்ளி மணலிலேயே உட்கார்ந்து பார்க்கட்டும். அப்படி எண்ணும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் நாளை கடலறிவியல் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.